முப்பத்தாறாம் இருக்கைக்கு முன்பதிவு

ஜூலை மாதம், பகல் இரண்டு மணி. புடாபெஸ்ட் போகும் ரயிலில் தேவா நிலையத்தில் ஏறினேன். எல்லை ஊரான குர்த்திச் வரை டிக்கெட் பார்ப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதே தடம்.

மூன்றாவது பெட்டிக்குள் நுழைந்ததுமே நாற்றம் அடித்தது. கழிவறை நாற்றம் எனக்குப் பழக்கம். இது வேறு. வெயிலில் கிடந்து கெட்டுப்போன இறைச்சியின் மேல் மலிவான சென்ட்டைக் கொட்டியதுபோல், இனிப்பும் அழுகலுமாக நாக்கின் அடியில் வந்து ஒட்டிக்கொண்டது.

நாலாவது அறையில் இரண்டு பேர். கதவோரம் ஒரு தடித்த மனிதர், மூக்கில் கைக்குட்டை. ஜன்னலோரம், முப்பத்தாறாம் இருக்கையில், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் முகத்தைக் கண்ணாடியில் சாய்த்திருந்தார்.

“சார், டிக்கெட்ட அப்புறம் கேளுங்க. மொதல்ல அந்த ஆளுக்கு ஒரு சோப்பு குடுங்க,” என்றார் தடித்தவர். தன் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்துவிட்டார்.

கோட்டுக்காரர் திரும்பாமலே கையை நீட்டினார். முன்பதிவுத் தாள். ஹோரியா ப்லேஷா, தேவாவிலிருந்து புடாபெஸ்ட் வரை. மே மாதமே பதிவு செய்தது. எல்லாம் சரி. தாள் மட்டும் ஈரமாக இருந்தது.

வாங்கும்போது அவர் விரல் என் கட்டைவிரலில் பட்டது. கையை இழுத்தேன்.

ஏதோ கூடவே வந்தது.

வெந்த தக்காளியின் தோல்போல.

அவருடைய தோல்.

தாளைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். எதிரே கறுப்பு உடையில், அறுபது வயதிருக்கும் ஒரு பெண், கையில் காபியோடு வந்தாள்.

“முப்பத்தஞ்சு என்னோடது சார். ஏறினதும் காபி வாங்கப் போயிட்டேன்.”

அவள் டிக்கெட்டில் ஔரிக்கா ப்லேஷா என்றிருந்தது.

“உங்க வீட்டுக்காரர் டிக்கெட்டப் பாத்துட்டேம்மா. அவருக்கு ஒடம்பு சரியில்லையா?”

“அவர் செத்து அஞ்சு வாரமாச்சே சார்! அவர் டிக்கெட் என் பையிலதான் இருக்கு. ரத்து பண்ண முடியாதுன்னுட்டாங்க.”

பையைத் திறந்தாள். உறை இருந்தது. நனைந்திருந்தது. உள்ளே எதுவும் இல்லை.

கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். காபி கீழே விழுந்தது.

“ஜன்னல் சீட்டு தனக்குத்தான்னு சண்டை போட்டு எடுத்தாரு,” என்று கிசுகிசுத்தாள். “இன்னொரு சண்டையில நான் கோச்சுக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். போன் அடிச்சுது. எடுக்கல. நாலு நாள் கழிச்சு பாத்ரூம் கதவ ஒடச்சுதான்...”

வாயைப் பொத்திக்கொண்டாள்.

“புடாபெஸ்ட்டுல யாரும்மா?”

“மக. இன்னைக்கோ நாளைக்கோ பிரசவம்.” என் சட்டைக் கையைப் பிடித்தாள். “நான் எறங்கிட்டா அவரும் எறங்கிடுவாரா?”

ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லி என் போன் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

அராத் நிலையத்தில் அவள் இறங்கினாள். நடைமேடையில் நின்று மகளிடம் போனில் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்: “காய்ச்சலா இருக்குடி. வர முடியாது.” கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

வண்டி நகர்ந்தபின் அறைக்குத் திரும்பினேன். முப்பத்தாறு காலி. கண்ணாடியில் ஒரு கொத்து முடி, வழவழப்பாக ஒட்டியிருந்தது.

“எப்படி எறங்கினான்?” என்றார் தடித்தவர். முகம் வெளுத்திருந்தது. “கதவுகிட்ட நான்தானே நின்னேன்!”

இரண்டு மாதம் ஆகிறது. ஔரிக்கா நேற்று அழைத்தாள். பிறகு வேறு டிக்கெட் எடுத்துப் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டாளாம். “அங்க ஒண்ணும் வரல சார். வீடு சுத்தமா இருக்கு.”

“நல்லதும்மா,” என்றேன், போனை இடக்கையில் பிடித்துக்கொண்டு.

வலக் கட்டைவிரலை என் போன் இப்போது ஏற்பதில்லை. தினமும் விடிந்தால் அதன்மேல் மெல்லிய, ஈரமான தோல் ஒன்று படிந்திருக்கிறது. ரேகைகள் என்னுடையவை அல்ல. குழாயடியில் நின்று உரித்துப் போடுகிறேன்.

இன்று காலையும் உரித்தேன். அடியில் இன்னொன்று இருந்தது.