மாறி வந்த உதை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை காலை நீட்டி உதைத்தது. அல்லியின் வயிற்றில் ஒன்றும் தெரியவில்லை.

மடிப்பட்டையைத் தடவிப் பார்த்தாள். சரியாகத்தான் கட்டியிருந்தாள். பேழைக்குள் குழந்தை அசைந்தால் அதே கணத்தில், அதே அழுத்தத்தில் பட்டை அவள் வயிற்றை அசைக்க வேண்டும். தூத்துக்குடியில் பிறக்கும் பிள்ளைகளில் பாதி இப்போது தாய் வயிற்றுக்கு வெளியே, கருப்பேழைகளில்தான் வளர்கின்றன. முதல் சில வருடங்களில், பேழையிலிருந்து பிள்ளையை வாங்கிப்போன தாய்மார்கள், பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது போலிருக்கிறது என்று வந்து அழுதார்கள். அதற்காகவே மடிப்பட்டையைச் செய்தார்கள். குழந்தையின் உதை தாய்க்கு வரும். தாயின் குரலும் இதயத் துடிப்பும் நடையும் தட்டலும் பேழைக்குப் போகும்.

கண்ணாடிக்குள் குழந்தை அடங்கிவிட்டது. அப்போது அல்லியின் விலாவுக்குக் கீழே பலமாக ஓர் உதை விழுந்தது.

"என்னங்க, இப்ப இது அசைஞ்சுதா?"

"இல்லையே, சும்மால்லா கெடக்கு," என்றான் அவள் கணவன் இசக்கிராஜா.

ஏழாம் மாதம் வரை பேழைக்கூடத்துக்குள் யாரையும் விடமாட்டார்கள். அல்லி தன் பிள்ளையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆனால் தனக்கு அதை நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தாள். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளை இயக்கும் அறையில் அவள் ஏதாவது ஒரு பாட்டை மெல்ல முனகிக்கொண்டே வேலை பார்ப்பாள். முனகல் நின்றால் வயிற்றில் ஓர் இடி விழும். பட்டையை விரலால் இரண்டு தட்டு தட்டினால் பதிலுக்கு ஓர் உதை வரும். இரண்டு மாதமாக இந்த விளையாட்டு நடந்துகொண்டிருந்தது.

இப்போதும் தட்டினாள். எதிரே இருந்த குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் பதில் வந்தது.

"இங்க வேற எதோ ஒண்ணு எனக்குப் பதில் சொல்லுது," என்றாள்.

இசக்கிராஜா சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வரிசையோடு நடந்தாள். ஒவ்வொரு பேழைக்கு முன்னாலும் நின்று தட்டினாள். ஒன்று கொட்டாவி விட்டது. ஒன்று கட்டைவிரலைச் சூப்பியது. கூடத்தின் அந்தக் கோடியில் ஒரு பையன் சட்டென்று உடம்பைத் திருப்பி, முழங்காலை மடக்கி உதைத்தான். அவள் வயிறு அதிர்ந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி உதைத்தான்.

"நீயா?" என்றாள் அல்லி.

பேழையின் மேல் ஜெனோவா என்று எழுதியிருந்தது.

மறுநாள் டாக்டர் நசீமா இரண்டு பெண்களையும் அழைத்து உட்காரவைத்தார். பட்டைகளைப் பொருத்திய அன்று இணைப்பு மாறிப்போயிருந்தது. ஜெனோவா மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவள். புருஷன் கப்பலில் போயிருந்தான். அவள் சாதாரணமாகப் பேசினாலே அறைக்கு வெளியே கேட்கும்.

"அப்போ நான் போட்ட கூச்சல் எல்லாம் இவங்க பிள்ளைதான் கேட்டுட்டுக் கெடந்துச்சா?" என்று முதலில் சிரித்தாள். பிறகு கை தானாகப் பட்டையின் மேல் போனது. "இது என் பிள்ளை இல்லையா டாக்டர்?"

இணைப்பைத் திருப்பிப் போடுவது சின்ன வேலை. அன்றே திருப்பினார்கள்.

அல்லிக்கு இப்போது வந்த அசைவு அவளுடைய மகளுடையது. வழுக்கிக்கொண்டு போவது போன்ற மெதுவான அசைவு. தட்டினால் பதில் இல்லை. முனகினால் விலகிப்போவது போலிருந்தது. புதிதாகக் குடிவந்தவர்களிடம் பேசுவதைப் போல, "நான்தான் ஒங்க அம்மா," என்று மரியாதையாகச் சொல்லிப் பார்த்தாள்.

ஒரு வாரத்துக்குள் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். அவர் முகம் சரியில்லை.

"ரெண்டு குழந்தைக்கும் இதயத் துடிப்பு நிலையா இல்ல. எடையும் ஏறல. உங்க குரல் கேட்டா பையன் பதறுறான் ஜெனோவா. பொண்ணு அசையாமலே கெடக்குறா. தெரிஞ்ச குரலைத் தேடுதுங்க. நீங்க சம்மதிச்சா, பிறக்கிற வரைக்கும் பழைய இணைப்பையே..."

"போட்டுருங்க," என்றார்கள் இருவரும். டாக்டரை முடிக்க விடவில்லை.

வெளியே வந்ததும் அல்லி கேட்டாள். "பொறந்தப்புறம் என்னக்கா செய்யப் போறோம்?"

"மொதல்ல பொறக்கட்டும்," என்றாள் ஜெனோவா.

பிள்ளைகள் ஒரே வாரத்தில் பிறந்தார்கள். இரண்டும் நல்ல எடை. அல்லி மகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். குழந்தை அழுதது. பால் குடிக்கும்போது நிறுத்தியது, பால் முடிந்ததும் அழுதது. அல்லியின் எந்த முனகலும் அதன் காதில் ஏறவில்லை. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல் ஜெனோவாவைத் தொலைபேசியில் அழைத்தாள். அந்தப் பக்கமும் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, கொஞ்சம் ஏலம் விடுங்க."

"என்னது?"

"சத்தமா விடுங்க அக்கா."

"சீலா, சீலா! துள்ளுற சீலா மீனு! பாத்துக்கிடுங்க, வெல கேளுங்க!"

குழந்தை அழுகையை நிறுத்தி, கண்ணை அகல விரித்துத் தொலைபேசியைப் பார்த்தது. அல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு அவள் முனகினாள். அந்த வீட்டில் பையனின் குரல் தணிவது கேட்டது.

இரண்டு நாளில் ஜெனோவா பையனைத் தூக்கிக்கொண்டு அல்லியின் வீட்டுக்கே வந்துவிட்டாள். பிள்ளைகள் பழகும் வரை என்று பேச்சு. ஒருத்தி பால் கொடுக்கும்போது மற்றவள் பக்கத்தில் இருந்து குரல் கொடுத்தாள். வீட்டில் ஏலச் சத்தம் கேட்டுக் கேட்டு இசக்கிராஜாவுக்கு மீன் விலையெல்லாம் அத்துப்படியாகிவிட்டது. டாக்டர் நசீமா அடிக்கடி வந்து பார்த்தார். அவருக்கு இதில் தீராத ஆர்வம். திரைக்குப் பின்னால் இருவரையும் மாறி மாறிப் பேசச் சொல்லி, குழந்தை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பார். நான்காம் மாதம் பெண் அல்லியின் பக்கம் திரும்பினாள். பையன் ஜெனோவாவின் பக்கம் திரும்பினான். எத்தனை தடவை செய்தாலும் அப்படியே.

"பழைய குரலை மறந்துட்டாங்க," என்றார் டாக்டர் மகிழ்ச்சியாக. "நான்தான் வீணாப் பயந்துட்டேன். இனி அவங்கவங்க வீட்டுக்குப் போகலாம்."

மறுநாள் காலை ஜெனோவா பெட்டியைக் கட்டினாள். இசக்கிராஜா ஆட்டோவைக் கூட்டிவரப் போனான். அல்லி அடுப்படியில் இருந்தாள். இரண்டு அறைகளிலும் தூளிகள். பெண்தான் முதலில் சிணுங்கினாள். அந்தச் சத்தத்தில் பையனும் விழித்து வீறிட்டான்.

அல்லி ஓடினாள். தூக்கித் தோளில் போட்டு, முனகிக்கொண்டே திரும்பியபோதுதான் கையில் இருந்தது பையன் என்று தெரிந்தது. மகளின் அறையைத் தாண்டித்தான் அவள் இங்கே வந்திருந்தாள்.

பையன் அவள் கழுத்திலிருந்து விலகி, தன் அம்மாவைத் தேடித் தலையைத் திருப்பினான்.

ஜெனோவா அறைவாசலில் வந்து நின்றாள். அவள் இடுப்பில் அல்லியின் மகள், கைகளை நீட்டி அல்லியிடம் வரத் திமிறிக்கொண்டிருந்தாள்.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. இசக்கிராஜா கூப்பிட்டான். பிள்ளைகள் இருவரும் அழுதார்கள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி, பிடியைத் தளர்த்தாமல் நின்றார்கள்.