எட்டாவது எபிசோட் அம்மா

"கேசரியில முந்திரி எங்க, அனுசுயா? தேடித்தான் எடுக்கணும் போலிருக்கே!"

ஸ்ரீரங்கத்திலிருந்து காலை ஏழு மணிக்கே வந்து இறங்கிவிட்ட நாத்தனார் மீனாம்பாளின் குரல் கைலாசபுரம் குவார்ட்டர்ஸையே எழுப்பிவிட்டது. அனுசுயா பதில் சொல்லவில்லை. இருபத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டில் அவள் பதில் சொல்லிப் பழகியதே இல்லை. இன்னும் ஒரு பிடி முந்திரியை நெய்யில் வறுத்துக் கொட்டினாள், அவ்வளவுதான்.

அன்று பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். பெண்ணைப் பார்த்தாயிற்று, ஜாதகமும் பொருந்திவிட்டது. தங்கள் பெண் வந்து வாழப்போகிற வீடு எப்படி இருக்கிறது என்று பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனால் அடுத்த வாரமே நிச்சயம். சித்தார்த்தனுக்கு ஏற்கெனவே மூன்று சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் தாங்காது என்று அனுசுயா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

"பார்த்துப் பேசு, அனு," என்றார் அவள் கணவர் நவநீதன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "எட்டு மாசத்துல ரிட்டயர் ஆறேன். குவார்ட்டர்ஸைக் காலி பண்றதுக்குள்ள இவன் கல்யாணத்தை முடிக்கணும். சொதப்பிடாதே!"

சொதப்புவாளாம்! வாயையே திறக்காதவள் எதைச் சொதப்புவாள்?

பதினோரு மணிக்குப் பெண்ணின் அப்பா பிச்சமுத்து வந்தார். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர், கனத்த குரல். கூடவே அவருடைய அக்கா இருசம்மாள். தாயில்லாத அந்தப் பெண் யாழினியை வளர்த்தது அந்த அம்மாள்தான் என்பதால், அங்கே அவள் சொல்தான் கடைசிச் சொல். சமையலறை, கொல்லைப்புறம், பாத்ரூம் குழாய் வரைக்கும் திறந்து பார்த்துவிட்டு வந்து, திருப்தியோடு சோபாவில் உட்கார்ந்தாள். சித்தார்த்தன் ஓரத்து நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு பெங்களூரில் வேலை, மாதத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பான்.

"டிவி என்ன இம்மாம் பெருசு!" என்றாள் இருசம்மாள்.

போதாதா மீனாம்பாளுக்கு! "எங்க சித்து வாங்கினதுங்க. இருங்க, போட்டுக் காட்டுறேன்!" என்று ரிமோட்டை எடுத்து, தெரியாத பட்டனையெல்லாம் அமுக்கினாள்.

திரையில் 'சித்தார்த்தன்' என்று பெயர் வந்தது. அதன் கீழே, பாதி பார்த்து நிறுத்திய தொடர்களின் படங்கள் வரிசையாக நின்றன. ஒரே குடையில் இரண்டு பையன்கள். நெற்றியோடு நெற்றி வைத்து இரண்டு பையன்கள். கடற்கரையில் கைகோத்து இரண்டு பையன்கள்... பதறிப்போன மீனாம்பாள் இன்னொரு பட்டனை அமுக்க, தாய்லாந்துப் பையன் ஒருவன் கண்ணீர் வழிய இன்னொரு பையனின் கன்னத்தில் முத்தமிட்டான். அதுவும் ஐம்பத்தைந்து அங்குலத்தில்!

நவநீதன் பாய்ந்து போய்ப் படத்தை நிறுத்தினார்.

"மாப்பிள்ளை பேருதானே போட்டிருக்கு?" என்றார் பிச்சமுத்து மெதுவாக. அந்த மெதுவான குரல்தான் பயமுறுத்தியது. "இந்த மாதிரிப் படமெல்லாம் மாப்பிள்ளை பார்ப்பாரோ?"

சித்தார்த்தன் தரையைப் பார்த்தான். அவன் காது மடல்கள் சிவந்துபோயிருந்தன.

"அது நான் பார்க்கறதுங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். கேசரித் தட்டோடு சமையலறை வாசலில் அனுசுயா நின்றிருந்தாள்.

அது சத்தியமான உண்மை. டிவி வாங்கிய அன்று "அக்கவுன்ட்டை யார் பேர்ல போடலாம்மா?" என்று மகன் கேட்டபோது, "உன் பேர்லயே போடுடா" என்று சொன்னவள் அவள். கேஸ் கனெக்‌ஷன் கணவர் பேரில், மனை மாமனார் பேரில். அவள் பேரில் அந்த வீட்டில் இருந்தது டாக்டர் எழுதிக்கொடுக்கிற மருந்துச் சீட்டு மட்டும்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு கொரியத் தொடர் தானாக ஓட ஆரம்பித்தது. பையனும் பையனும் காதலிக்கிற கதை. பி.எல். என்கிறார்கள் அதை, பாய்ஸ் லவ். முதலில் திடுக்கிட்டாள். அப்புறம் பீன்ஸை மறந்தாள். அன்றிலிருந்து மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணி வரை அவள் தாய்லாந்திலும் தைவானிலும்தான் இருந்தாள்.

ஆனால் யார் நம்பினார்கள்?

"ஐயோ, பார்த்தீங்களா!" என்று மீனாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "இவ இப்படித்தாங்க! என் பையன் வண்டியை இடிச்சப்பவும் நான்தான் இடிச்சேன்னா. தம்பி பிரமோஷன் பேப்பரைத் தொலைச்சப்பவும் நான்தான் குப்பையில போட்டேன்னா. அடுத்தவங்க பழியை எடுத்துத் தலையில வச்சுக்கறதே இவளுக்குப் பொழப்பு!"

"அனு, போதும். உள்ளே போ," என்றார் நவநீதன். "பையனைக் காப்பாத்தறேன்னு பொய் சொல்லாதே."

பொய்யா! எத்தனை பொய்ப் பழியை அனுசுயா சுமந்தாள்! அத்தனையையும் நம்பினார்களே! வாழ்க்கையில் முதல்முறையாக, தனக்கென்று இருக்கிற ஒரே சந்தோஷத்தைத் தன்னுடையது என்று சொல்கிறாள், இதை மட்டும் நம்பமாட்டார்களாமா?

கேசரித் தட்டை டீப்பாயின் மேல் டங்கென்று வைத்தாள்.

"நான் பார்க்கலையா? கேளுங்க! கொரியாக்காரன் எடுக்கறது எட்டே எபிசோட். நாம உக்காந்து காலை நீட்டறதுக்குள்ள முடிஞ்சுபோயிடும், வயித்தெரிச்சல்! ஜப்பான்காரன் பத்து எபிசோட்ல ஒரு தடவைதான் கையைப் பிடிக்க விடுவான். ஆனா அந்த ஒரு தடவைக்கு நான் முழு டவலும் நனைய அழுதிருக்கேன். தாய்லாந்துதான் நம்ம ஊரு மாதிரி! அழுகை, சண்டை, குடும்பம் எல்லாம் உண்டு. ஆனா பாதியில கதையை நிறுத்திட்டு ரெண்டு பேரும் ஜூஸ் பாட்டிலை லேபிள் தெரியறாப்புல பிடிச்சுக் குடிப்பாங்க பாருங்க, எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும்! காலேஜ்னா எல்லாரும் இன்ஜினீயரிங்தான். ஒருத்தன் தடுக்கி விழுவான், இன்னொருத்தன் தாங்கிப் பிடிப்பான். அப்படியே ஒரு நிமிஷம் நிப்பாங்க. ஏண்டா, இடுப்பு வலிக்காதா!"

அவள் முகம் ஜொலித்தது. கைகள் காற்றில் பறந்தன. இருபத்தொன்பது வருஷத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நவநீதன் கேட்டதே இல்லை. வாய் திறந்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாத்துக்கும் மேல தைவான்ல ஒரு கதை, அக்கா!" அனுசுயா நேராக இருசம்மாள் பக்கம் திரும்பினாள். "ஒருத்தன் சைக்கிள் கடை வச்சிருக்கான். இன்னொருத்தன் ஏழு வருஷம் கழிச்சு ஊருக்குத் திரும்பறான். முன்னாடி சொல்லாமக் கொள்ளாமப் போனவன்..."

"ஏன் போனானாம்?" இருசம்மாள் சோபாவின் நுனிக்கு நகர்ந்துவிட்டாள்.

"அக்கா!" என்று அதட்டினார் பிச்சமுத்து. பிறகு அனுசுயாவைப் பார்த்தார். "சரிம்மா, நீதான் பார்க்கிறேன்னு ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு ஆம்பளைப் பசங்க கதையில உனக்கு என்ன இருக்கு?"

"அங்க யார் சமைக்கணும்னு யாருமே முடிவு பண்ணி வைக்கலைங்க. பேசித்தான் முடிவு பண்ணியாகணும். ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்து 'அசதியா இருக்கியா'ன்னு கேட்டா, பதில் வர்ற வரைக்கும் நிக்கறான். அதைப் பார்க்கத்தான் நான் உக்காருவேன்."

நவநீதன் சட்டென்று ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஆனா எல்லாமே நல்லா இருக்குன்னு சொல்லமாட்டேன்!" அவளுக்கு வேகம் அடங்கவில்லை. "அந்தக் கதைகள்ல வர்ற அம்மாக்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எட்டாவது எபிசோட் வந்தாப் போதும், ஒரு அம்மா வந்துடுவா. கண்ணைக் கசக்கிக்கிட்டே ஒரு பொண்ணைக் கூட்டியாந்து நிறுத்துவா. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடுமாம்! பையன் மனசுல என்ன இருக்குன்னு கேட்டாளா? அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? அவ வாழ்க்கையும்ல சேர்ந்து பாழாகுது! அவன் சொல்லத்தான் வர்றான் அக்கா. மூணு தடவை வர்றான். 'அம்மா, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்'னு வந்து வந்து நிக்கறான். இவ என்னடான்னா, 'அப்புறம் பேசலாம்டா, முதல்ல சாப்பி...'"

அனுசுயாவின் வாய் அப்படியே நின்றது.

தீபாவளிக்கு மறுநாள் சித்தார்த்தன் சமையலறைக்கு வந்து நின்றான். பொங்கலன்று வந்தான். போன செவ்வாய்க்கிழமை, யாழினியின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். "அம்மா, ஒண்ணு பேசணும்." மூன்று தடவையும் அவள் தட்டை எடுத்து வைத்தாள். "அப்புறம் பேசலாம்டா. சாப்பிடு."

மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தாள். அவன் இப்போது தரையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், கண் நிறைய.

"காபி... காபி கொண்டு வரேன்," என்று குழறிவிட்டு உள்ளே போனாள். அவன் பின்னாலேயே வந்தான்.

"சித்து... நீயும் பார்ப்பியாடா?"

"நான் பார்த்ததில்லம்மா. நீங்க பார்க்கறதைத்தான் பார்ப்பேன்." அவன் குரல் உடைந்தது. "என் பேர்ல இருக்கறதால எனக்கும் போன்ல தெரியும். பெங்களூர் ரூம்ல உக்காந்துக்கிட்டு, அம்மா இன்னைக்கு எத்தனாவது எபிசோட்ல இருக்காங்கன்னு பார்ப்பேன். சைக்கிள் கடைக் கதையை நாலு தடவை பார்த்தீங்க. அம்மாவுக்குப் புரியும், அம்மாகிட்ட சொல்லிடலாம்னு ஒவ்வொரு தடவையும் ஊருக்கு வந்தேன்... அந்தப் பசங்களுக்காக அவ்வளவு அழுதீங்களேம்மா! எனக்கு மட்டும் பொண்ணு பார்த்தீங்களே!"

"அது கதைன்னு நினைச்சேன்டா..." அனுசுயா மேடையைப் பிடித்துக்கொண்டாள். "கதைன்னு நினைச்சேன்டா கண்ணு! என் வீட்டுக்குள்ள நிக்கறது எனக்குத் தெரியலையே!"

அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஆறடிப் பிள்ளை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அடுப்பை நிறுத்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"இனிமே நீ சொல்ல வேண்டியதைச் சொல்லு. யார்கிட்ட, எப்பன்னு நீயே முடிவு பண்ணு. வெளியே இருக்கறவங்களை நான் பார்த்துக்கறேன்."

முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து கைகூப்பினாள்.

"மன்னிச்சுக்குங்க. இந்தச் சம்பந்தம் வேண்டாங்க. யாழினி தங்கமான பொண்ணு. ஆனா என் பையனுக்கு இந்தக் கல்யாணத்துல மனசு இல்லை. அவனைக் கேக்காமலே நான் பொண்ணு பார்த்துட்டேன். தப்பு என்னோடது."

"பார்த்தியா தம்பி! மறுபடியும் பழியைத் தூக்கித் தலையில வச்சுக்கறா!" என்று மீனாம்பாள் துள்ளி எழுந்தாள்.

"இல்ல அண்ணி," என்றாள் அனுசுயா. "இத்தனை வருஷத்துல இந்த ஒரு தப்புதான் நிஜமாவே நான் பண்ணினது."

பிச்சமுத்துவின் முகம் கறுத்துவிட்டது. "வீடு வரைக்கும் வரவழைச்சு அவமானம் பண்ணிட்டீங்களே!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். "என் மரியாதை போச்சு, என் தம்பி மரியாதையும் போச்சு! இனிமே இந்த வீட்டு வாசப்படியை மிதிச்சேன்னா என்னன்னு கேளு!" என்று கத்திக்கொண்டே மீனாம்பாளும் ஆட்டோ பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.

இருசம்மாள் மட்டும் நின்றாள். அனுசுயாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, உள்ளே நின்ற சித்தார்த்தனை ஒரு முறை பார்த்தாள். கேட்க வேண்டியது எதையும் அவள் கேட்கவில்லை.

"அந்த அம்மாக்காரி கடைசியில திருந்துவாளா, இல்லையா?"

"பன்னிரண்டாவது எபிசோட்லதான் அக்கா. அதுக்குள்ள அந்தப் பொண்ணு கழுத்துல தாலி ஏறிடும்."

"நீ எட்டுலயே திருந்திட்டே. எங்க யாழினி பொழைச்சா," என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

வீட்டில் மூன்று பேர்தான் மிச்சம். நவநீதன் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். கத்துவார் என்று அனுசுயா காத்திருந்தாள். அவர் கத்தவில்லை.

"உள்ளே என்ன சொன்னான் அவன்?"

"அதை அவன்தாங்க சொல்லணும். இன்னைக்குச் சொல்வானோ, என்னைக்குச் சொல்வானோ... சொல்லும்போது அப்புறம் பேசலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. இருபத்தொன்பது வருஷத்துல நான் உங்ககிட்ட கேட்கறது இது ஒண்ணுதான்."

சமையலறை வாசலில் நிழலாடியது. சித்தார்த்தன் முகம் கழுவிக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் நின்றான். அனுசுயா போய் அவன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அப்பா... உங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

நவநீதன் அவனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமும் பயமும் மாறி மாறி வந்தன. எதிரே கேசரித் தட்டு தொடப்படாமல் இருந்தது, சாப்பிடு என்று சொல்லித் தப்பித்துவிட அதுவே போதும். அவர் அந்தத் தட்டைக் கையால் தள்ளி வைத்தார். சோபாவில் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

"உக்காருடா," என்றார். "சொல்லு."