நடுவில் இருந்த தடுப்பு

தேஜஸ்வினி தட்டுவதை நிறுத்திய பிறகும், துணித்தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே தாளத்தில் இன்னும் இரண்டு தட்டல்கள் கேட்டு, அதன்பிறகுதான் அடங்கின.

மறுபடி கீபோர்டைத் தட்டிப் பார்த்தாள். அந்தப் பக்கமும் தட்டியது. நிறுத்தினாள். ஒரு மூச்சு தாமதித்து அதுவும் நின்றது.

"என்னடி, என்னைக் காப்பி அடிக்கிறியா?" என்றாள், பாதி விளையாட்டாக.

"அடிச்சு முடிச்சு ரெண்டு வாரம் ஆச்சே தேஜு" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து ஸ்ரீநிதி சிரித்தாள். கூழாங்கற்களை உருட்டிவிட்டதுபோன்ற சிரிப்பு. அதைக் கேட்டால் அலுவலகத்து ஜெர்மானியர்கள்கூடத் திரும்பிப் பார்த்துப் புன்னகைப்பார்கள். தேஜுவுக்கு மட்டும் அடிவயிற்றில் காந்தியது.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் டிசம்பர் மாதம் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. மற்றவர்கள் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போய்விட, நான்காம் மாடியில் இவர்கள் இருவர்தான் மிச்சம். கீழே சதுக்கத்தில் கொதிக்கும் ஒயினின் கிராம்பு வாசனை ஜன்னல் இடுக்கு வழியே ஏறிவந்து, ஹீட்டரில் வாட்டப்பட்ட கம்பளத்தின் நாற்றத்தோடும் ஸ்ரீநிதியின் ஏலக்காய் டீயோடும் கலந்து அறையில் தேங்கி நின்றது. ஏலக்காய் என்றாலே தேஜுவுக்குக் குமட்டும்.

இருவரும் ஒரே விமானத்தில் வந்திறங்கியவர்கள். ஒரே வீடு, ஒரே குக்கர். ஜனவரிக்குப் பிறகு ஒருத்திக்குத்தான் இங்கே இடம். மற்றவள் ஊருக்குத் திரும்ப வேண்டும். கோயம்புத்தூரில் தேஜுவுக்காகக் காத்திருந்தவை நாலைந்து ஜாதகங்களும், அவளை நசுக்கி வைத்திருந்த பழைய மேனேஜரும்தான். திரும்பிப் போவது என்ற பேச்சுக்கே அவளிடம் இடமில்லை.

அவர்கள் செய்துகொண்டிருந்தது பிரவுசருக்குள்ளேயே ஆவணம் எழுத உதவும் மென்பொருள். திரையில் பக்கமாகத் தெரிவது, உள்ளே ஒரு மரம். அதன் கிளைகள் டேக்குகள் என்னும் குறிகள். இலைகள் எழுத்துத் துண்டுகள். டெக்ஸ்ட் நோடு என்பார்கள். இரண்டு இலைகளுக்கு நடுவே ஒரு டேக் நிற்கும்வரை அவை தனித்தனி. அதைப் பிடுங்கிவிட்டு 'நார்மலைஸ்' என்று கட்டளை கொடுத்தால், முன்னால் இருக்கும் இலை பின்னால் இருப்பதை விழுங்கிக்கொள்ளும். எழுத்து ஒன்றும் குறையாது. படிப்பவர் கண்ணுக்கு மாற்றமே தெரியாது. இரண்டாவது இலை மட்டும் மரத்தில் இருக்காது.

எல்லோரையும் படுத்திக்கொண்டிருந்த பிழைக்கு மருந்து இதுதான் என்று கண்டுபிடித்தவள் தேஜு. இரண்டு வாரம் முன்பு டிராமில் வரும்போது பளிச்சென்று தோன்றியது. ராத்திரி ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். மறுநாள் காலை ஜெர்மன் மேலாளர் முன்னால் அதைச் செய்துகாட்டியவள் ஸ்ரீநிதி. அவர் எழுந்து நின்று கை குலுக்கினார்.

இன்று காலை புதிய சோதனைப் பக்கம் ஒன்றையும் ஸ்ரீநிதியே போட்டிருந்தாள். சோதனைக்கு ஏதாவது எழுத்து வேண்டுமே என்று கைக்கு வந்த பெயர்களைப் போடுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். முதலில் தேஜஸ்வினி. நடுவில் வெற்று டேக் ஒன்று. அடுத்து ஸ்ரீநிதி.

"உன் பேரைத்தான் முதல்ல போட்டிருக்கேன். அங்கேயாவது முதல்ல இரு" என்று சொல்லிச் சிரித்திருந்தாள்.

அந்தச் சிரிப்பு இப்போது மறுபடி கேட்டது. தடுப்புக்குப் பின்னால், யாரோடோ போனில்.

தேஜு உதட்டோர மச்சத்தைக் கடித்துக்கொண்டாள். ஆத்திரம் வரும்போது அப்படித்தான். அற்பத்தனம் என்று தெரியும். இருந்தாலும் கை போயிற்று. நடுவில் இருந்த டேக்கை நீக்கு. நார்மலைஸ். இரண்டு கட்டளைகளையும் ஒரே வரியில் எழுதி என்டரைத் தட்டினாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

திரையில் மாற்றமில்லை. தேஜஸ்வினிஸ்ரீநிதி. நிமிர்ந்தாள்.

தடுப்பு இல்லை.

அது நின்ற இடத்தில் கம்பளத்தின் நிறம் மாறியிருக்கவில்லை, திருகாணித் தடம்கூட இல்லை. இரண்டு மேசைகளும் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல் ஒட்டிக் கிடந்தன. அந்தப் பக்கத்து நாற்காலி காலி. டீயில் இன்னும் ஆவி.

"ஸ்ரீநிதி?"

கதவு திறந்தது. டீம் லீட் ஜெயகாந்த், மப்ளரோடு. "யாரைக் கூப்பிடுற? நீ மட்டும்தானே இருக்க?"

"ஸ்ரீநிதி எங்க ஜெய்?"

"யாரு? சரி, அதை விடு. மேட்டர் கேளு. எக்ஸ்டென்ஷன் உனக்குத்தான். மேனேஜர் கையெழுத்துப் போட்டுட்டார். உன் டெமோவும், முக்கியமா அந்தச் சிரிப்பும்... மனுஷன் கவுந்துட்டார்."

தேஜு சிரித்தாள்.

கூழாங்கற்கள் உருண்டன. அவள் தொண்டையிலிருந்து.

"ஆங், இதேதான்" என்று ஜெயகாந்த் ரசித்துவிட்டுப் போனான். அவனுடைய பூட்ஸ் ஓசை வராந்தாவில் தேய்ந்து மறையும்வரை அவள் அசையவில்லை. நாக்கின் அடியில் ஏலக்காய் ருசித்தது. அது பிடித்திருந்தது.

பயம் அப்போதுதான் வந்தது. ஆனால் பயத்தையும் முந்திக்கொண்டு எழுந்தது பழைய காந்தல். நினைத்தது கிடைத்துவிட்டது, கிடைத்ததோ ஸ்ரீநிதிக்காம். அவள் சிரிப்புக்கு. அவள் டெமோவுக்கு. விழுங்கிய பிறகும் பாராட்டு அவளுக்கே போகிறது. அவளை வயிற்றில் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கப் பொறாமைப்பட வேண்டுமா? வேண்டாம். வெட்டி எறிந்துவிடலாம்.

துண்டைப் பிரிக்கவும் கட்டளை உண்டு. எத்தனையாவது எழுத்துக்குப் பிறகு வெட்டுவது என்று சொன்னால் போதும். தன் பெயரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் விரல்விட்டு எண்ணினாள். தே, ஜ, ஸ், வி, னி. ஐந்து.

ஐந்து என்று அடித்து, என்டர்.

திரையில் பெயர் இரண்டாகியது.

தேஜஸ்
வினிஸ்ரீநிதி

ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. மெஷின் கண்ணால் எண்ணாது. அதற்குக் கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனி எழுத்து; தேஜஸ் என்பதே ஐந்து. ஒன்பதில் வெட்டியிருக்க வேண்டும். இதை அவளே ஜெயகாந்துக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

வினி. வீட்டில் அவளை அம்மா கூப்பிடும் பெயர்.

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

திரும்பவில்லை. முடியவில்லை. நடுவில் தடுப்பு இல்லை. தோளோடு தோள் உரசும் தூரத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். ஏலக்காய்.

மேசைமேல் அவளுடைய செல்போன் அதிர்ந்தது. அம்மா. அவள் கை நீளுமுன் இன்னொரு கை எடுத்தது.

"சொல்லும்மா, வினிதான்."

தேஜுவின் குரல். அச்சு அசலாக.

"ஆமாம்மா, எனக்குத்தான் கெடைச்சுது. இல்லம்மா, வேற யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

இல்லை என்று கத்தினாள். சத்தம் வரவில்லை. எதிரே ஜன்னல். வெளியே இருட்டு, அதனால் கண்ணாடி நன்றாகவே காட்டியது. ஒட்டிய மேசைகள். ஒட்டி உட்கார்ந்த இரண்டு பெண்கள். போன் பேசுகிறவளுக்கு ஸ்ரீநிதியின் கண்கள், ஸ்ரீநிதியின் கூந்தல். கீழே, உதட்டோரத்தில் மச்சம் வைத்த வாய்.

பக்கத்தில் இருந்தவளுக்குத் தேஜுவின் கண்கள். மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. எழுதாத தாள்போல் வழவழவென்று தோல்.

மச்சம் வைத்த வாய் சிரித்தது.