கபிரியேலின் இடுப்புவார்

சாந்தமேரி கிழங்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தபோது, வீட்டுக்குள்ளே யாரோ கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

மழைக்கு முந்தைய பிற்பகல். வெளிச்சம் மங்கிக் கிடந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் வரிசையில் பாதி வீடுகளில் ஆண்பிள்ளைகளே இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் லோரி லோரியாக அள்ளிக்கொண்டு போய்விட்டான். அவள் வீட்டிலும் ஆள் கிடையாது. பூட்டிய கதவைத் திறந்துதான் உள்ளே வந்தாள்.

சரட்... சரட்...

தோலின் மேல் இரும்பு வழுக்கிப் போகும் சத்தம். பின்கட்டிலிருந்து வந்தது. அவள் எட்டிப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த இடுப்புவார் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காற்று துளிகூட இல்லை. தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. அந்த வீட்டில் எண்ணெயைக் கண்ணால் பார்த்தே மாசக்கணக்காகியிருந்தது.

அது அவள் புருஷனுடைய வார்.

கபிரியேல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வேலை இல்லாத நாளில் அவனுக்குக் கத்திதான் பைத்தியம். அக்கம்பக்கத்தார் மொண்ணையான மடக்குக் கத்திகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கல்லில் தேய்த்துப் பிசிறு எடுத்த பிறகு, இடுப்பிலிருந்து வாரைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டி, எண்ணெய் தடவி, அதன் மேல் கத்தியை இழுத்துக்கொண்டே இருப்பான். முகம் பார்க்கிற மாதிரி மின்னினால்தான் விடுவான். கடைசியில் இடது முன்கையில் ஒரு வழி வழித்துப் பார்ப்பான். முடி நோகாமல் உதிர வேண்டும். அதனால் அந்தக் கை எப்போதும் மொழுமொழுவென்று இருக்கும். "ஏன் அண்ணே, ஒரு கைக்கு மட்டும் வேளாங்கண்ணியில மொட்டை நேர்ந்துக்கிட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டு உர்சுலா கேலி செய்வாள்.

"கத்தியோட முதுகு முன்னால போகணும் மேரி, கூர் பின்னாடிதான் வரணும். கூர முன்னால தள்ளுனா வாரையே அறுத்துடும்" என்று அவளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பான்.

பிடித்துக்கொண்டு போன அன்றைக்கும் வார் கம்பியில்தான் தொங்கியது. எடுத்துக் கட்டிக்கொள்ளக்கூட விடவில்லை. நழுவுகிற கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி லோரியில் ஏறினான். "என்னங்க!" என்று கத்தினாள். "ம், சொல்லு புள்ள" என்று எப்போதும் போலத் திரும்பினான். அவளுக்குத்தான் சொல்ல ஒன்றும் வரவில்லை. லோரி போய்விட்டது.

அந்தப் பிற்பகலுக்குப் பிறகு சத்தம் அடிக்கடி கேட்டது. ஜன்னல் திட்டில் துருவேறிக் கிடந்த அவனுடைய கொம்புப்பிடிக் கத்தி ஒருநாள் கண்ணாடியாக மின்னியது. பக்கத்தில் பொடி முடி கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் உர்சுலாவுக்கும் கேட்டிருக்கிறது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கல்லறைத் திருநாளுக்கு அண்ணன் பேருக்குப் பூசை வைங்க. ஆத்துமா அலையுது."

"வாயக் கழுவுடி! உசுரோட இருக்கற மனுசனுக்கா செத்தவங்க பூசை?"

அவளுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் ஒப்புக்கொள்ளாத வரைக்கும் அவன் சாகவில்லை. அவ்வளவுதான் அவள் கணக்கு. அதோடு, கட்டிய நாளிலிருந்து புருஷன் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்த்திருந்தார்கள். அரிசிப் பங்கு கொடுக்கும் இடத்தில் பேர் கேட்டால்கூட உர்சுலாதான் கூட வந்து சொல்வாள்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான். சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக ஆட்கள் திரும்பினார்கள். கிள்ளானிலிருந்து நாகையா என்பவன் தேடிக்கொண்டு வந்து, தரையைப் பார்த்தபடியே பேசினான்.

"காய்ச்சல் கொட்டாயில படுத்திருந்தாரு அக்கா. கடைசி வரைக்கும் ஒரு கையால கால்சட்டையப் புடிச்சுக்கிட்டே இருந்தாரு. நாங்கதான் மண்ணு போட்டோம்."

கல்லறைத் திருநாள் அன்று மாதா கோயிலுக்குப் போனாள். உர்சுலா காய்ச்சலில் கிடந்ததால் துணைக்கு யாருமில்லை. சாமியார் அவள் பேரைக் கேட்டார்.

"சாந்தமேரி."

"எறந்தவர் பேரும்மா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள்.

"கபிரியேல்" என்றாள்.

கூட்டத்துக்குப் பின்னால், இருட்டாக இருந்த மூலையில், யாரோ தலை நிமிர்ந்து பார்த்தது போல அவளுக்குத் தோன்றியது. திரும்பினாள். யாரும் இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் சத்தம் நின்றுபோயிற்று. பின்கட்டில் உட்கார்ந்து அந்த மௌனத்துக்காக அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், கதவைத் தட்டினார்கள்.

வாசலில் கபிரியேல் நின்றான்.

ஒடுங்கிப் போயிருந்தான். ஆனால் முகம் அவன் முகம். ஒரு கை கால்சட்டையைப் பிடித்திருந்தது. "சாந்தமேரி" என்றான்.

குவாட்டர்ஸே கூடிவிட்டது. நாகையா ஆள் மாறிப் பார்த்திருப்பான் என்றார்கள். உர்சுலா அழுதுகொண்டே சிரித்தாள். சாந்தமேரிக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் அவன் அவளை மேரி என்றுதான் கூப்பிடுவான், முழுப் பேர் சொன்னதே கிடையாது என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. "என்னங்க, சாப்புடுறீங்களா?" என்றபோது அவன் திரும்பாததையும் காய்ச்சல் மாத்திரையில் காது மந்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டாள். அவன் மேல் ஈர மண் வாசனை வந்தது. வழியில் மழை.

வாரை எடுத்து வந்து ஆசையாக நீட்டினாள். அது என்னவென்று தெரியாதவன் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கட்டிக்கறது அப்புறம் அண்ணே. மொதல்ல இதத் தீட்டிக் குடுங்க" என்று உர்சுலா தன் மடக்குக் கத்தியைக் கையில் திணித்தாள். "நீங்க போனதுலேர்ந்து கிழங்கு சீவ முடியல லா."

அவன் வாரை முழங்காலில் விரித்தான். கத்தியை வைத்தான். கூர்ப்பக்கத்தை முன்னால் வைத்துத் தள்ளினான்.

வார் பாதி வரைக்கும் பிளந்தது.

"சயாம்ல எல்லாமே மறந்துபோச்சா அண்ணே!" உர்சுலா சிரித்துவிட்டு அடுப்பு பற்ற வைக்கத் தன் வீட்டுக்குப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சாந்தமேரி அவன் இடது கையைப் பார்த்தாள். முன்கை முழுக்க முடி அடர்ந்து கிடந்தது.

சரட்.

பின்கட்டில்.

வார் இங்கே, அவன் மடியில் பாதி பிளந்து கிடந்தது.

சரட்... சரட்...

தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது.

"என்னங்க" என்றாள். யாரைக் கூப்பிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

எதிரில் இருந்தவன் அசையவில்லை.

பின்கட்டில் சத்தம் நின்றது.

"ம், சொல்லு புள்ள."

மெலிந்த குரல். கிணற்றுக்கு அடியிலிருந்து வருவது போல. ஆனால் அவனுடைய குரல். இந்த முறையும் அவளுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. ஓடிப் போகலாமென்றால், பின்கட்டுக்கும் அவளுக்கும் நடுவில் வந்தவன் உட்கார்ந்திருந்தான்.

அவன் கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டான். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் உர்சுலா சந்தோஷமாகப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவுவது கேட்டது.

"அப்படிக் கூப்பிடாதே சாந்தமேரி" என்றான் மெதுவாக. "அன்னிக்குக் கோயில்ல பேரச் சொன்னியே. அது மாதிரி சொல்லு. அதக் கேட்டுத்தானே வந்தேன்."

பின்கட்டில் தீட்டும் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது. வேகமாக, நிறுத்தாமல்.

பாவம், அவள் புருஷனால் அவ்வளவுதான் முடிந்தது.