ஸோஷா வீட்டு அலமாரி

எங்கள் தெருவுக்கு யாராவது புதிதாகக் குடிவந்தால், முதல் இரண்டு நாளைக்கு அவர்கள் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். தெருவே சமைத்து அனுப்பிவிடும். போலந்து நாட்டிலிருந்து ஸோஷா வீட்டார் வந்தபோதும் அப்படித்தான் நடந்தது.

ஸோஷாவின் அப்பா கீழவாஞ்சூர் துறைமுகத்தில் பெரிய கிரேன்களைப் பொருத்தும் இன்ஜினியர். இரண்டு வருட வேலை. அதனால் மனைவி ஏவா, மகள் ஸோஷா, நான்கு வயது மகன் அன்டெக் எல்லோரையும் காரைக்காலுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர்கள் பெட்டிகளை இறக்கி முடிக்கவில்லை. என் உம்மா தூக்குவாளி நிறைய நெய்ச்சோறு அனுப்பினார். எதிர்வீட்டு நீலா அத்தை குண்டான் நிறைய எலுமிச்சைச் சாதம் கொடுத்தார். குஞ்சிதபாதம் மாமா வீட்டிலிருந்து டிபன் கேரியரில் இட்லி வந்தது. அப்புறம் ஒரு சம்படத்தில் முறுக்கு, ஒரு கிண்ணத்தில் பாயசம். ஸோஷா தமிழில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை "போதும்."

அவளை என் வகுப்பில்தான் சேர்த்தார்கள். ஐந்தாம் வகுப்பு. யாராவது "சாப்டியா?" என்று கேட்டால் அவள் நின்று, காலையிலிருந்து சாப்பிட்ட எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வாள். ஒரே வாரத்தில் எனக்கு உயிர்த்தோழி ஆகிவிட்டாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ், மீதி கையாட்டல். இப்படித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சோறு போன பாத்திரம் வெறுமையாகத் திரும்பி வராது. இரண்டு வாழைப்பழமோ ஒரு பிடி சர்க்கரையோ போட்டு வரும். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது வரும்.

ஸோஷா வீட்டுக்குப் போன பாத்திரங்கள் வரவே இல்லை. ஒரு வாரம் போயிற்று. ஒரு மாதமும் போயிற்று.

"ஏண்டி நஜீபா, அவங்க ஊர்ல பாத்திரமே கெடையாதா?" என்று நீலா அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு எப்படித் தெரியும் அத்த? கேட்டுப் பாக்கட்டுமா?"

"ஐயையோ, கேக்காத! சோத்தக் குடுத்துட்டுப் பாத்திரத்தக் கேட்டு ஆளு அனுப்புனேன்னு நாளைக்கி ஊரு பேசும்."

அப்போது பார்த்து ஸோஷா வீட்டிலிருந்து 'டொங், டொங்' என்று சத்தம் வந்தது. அன்டெக் எதையோ கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். அத்தை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"அது என் குண்டான்!" என்றார். "இருவது வருசமா கேக்குற சத்தம், எனக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து அந்த வீட்டுப் பக்கம் இருந்த தன் ஜன்னலை அத்தை சாத்திவிட்டார். மற்றவர்களும் அப்படித்தான். ஏவா ஆன்ட்டி வாசலில் நின்று சிரித்தால், அரைச் சிரிப்பு சிரித்துவிட்டு அவசரமாகப் போனார்கள். பண்டமும் போகவில்லை, பேச்சும் போகவில்லை.

நோன்பு மாதம் வந்தது. மாலையில் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். தெருப்பிள்ளைகள் எல்லோரும் தூக்குவாளியோடு வரிசையில் நிற்போம். முதல் நோன்பன்று உம்மா என் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்.

"இதுலயா உம்மா? கஞ்சியக் கொதிக்கக் கொதிக்க ஊத்துவாங்களே!"

"என்ன பண்றது? தூக்குவாளிதான் விருந்துக்குப் போன எடத்துலயே தங்கிடுச்சே."

"நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வரேன்."

"வாயத் தொறந்தியோ, பாரு! கேட்டு வாங்குறதாவது! அசிங்கம்."

கஞ்சியை வாங்கிக்கொண்டு வந்தேன். பாதித் தெருவிலேயே டப்பா ஒரு பக்கம் வீங்கி, மூடி கழன்று, பாதிக் கஞ்சி என் பாவாடையில் கொட்டியது. எனக்கு வந்த கோபத்தில் நேராக ஸோஷா வீட்டுக்குத்தான் போயிருப்பேன். ஆனால் அவளே வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"நாங்க சென்னைக்குப் போறோம்" என்றாள். "அப்பா மட்டும் இங்கே இருப்பார்."

"ஏன்?"

"அம்மா தினமும் அழுறாங்க. வந்த அன்னைக்கு எல்லாரும் வந்தாங்க. இப்போ யாரும் வர்றதில்லை. நாங்க என்ன தப்பு பண்ணோம் நஜீபா?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கு வாப்பாவின் ஞாபகம் வந்தது. வாப்பா அபுதாபியில் வேலை பார்க்கிறார். போன புதிதில் அறையில் இருந்தவர்கள் அவரோடு முகம் கொடுத்தே பேசவில்லையாம். எல்லோரும் தொழுகிற இடத்தில் தன் பெட்டியை வைத்திருக்கிறோம் என்று மூன்று மாதம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்ததாம். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நகர்த்தியிருப்பார். பாவம் என் வாப்பா.

அதற்குள் ஏவா ஆன்ட்டி என் பாவாடையைப் பார்த்துப் பதறி, கழுவிவிட உள்ளே அழைத்துப் போனார். அங்கேதான் அந்த அலமாரியைப் பார்த்தேன்.

ஐந்து பாத்திரங்களும் கண்ணாடி போல மின்னிக்கொண்டு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் பூவேலை செய்த துணி விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு சீட்டு. அதில் பாத்திரத்தில் வெட்டியிருந்த பெயரைப் பார்த்து, கோணல்மாணலாகத் தமிழில் எழுதியிருந்தது.

"எங்களுக்கு வந்த பரிசுகள்!" என்றார் ஏவா ஆன்ட்டி ஆங்கிலத்தில். "இந்த ஊரில் பரிசுப் பாத்திரத்தில் கொடுப்பவர் பெயரை வெட்டித்தான் தருவார்களாமே? ஆபீஸில் சொன்னார்கள். பார், எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது. அன்டெக் ஒருநாள் ஒன்றை எடுத்துத் தட்டிவிட்டான். அன்றைக்கு நன்றாகத் திட்டு வாங்கினான்."

ஆபீஸில் சொன்னது பொய் இல்லை. கல்யாணத்துக்கும் குடிபுகும் விழாவுக்கும் அப்படித்தான் கொடுப்போம். ஆனால் சொந்தப் பாத்திரம் தொலைந்துவிடாமல் இருக்கவும் பெயர் வெட்டுவோம் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

நான் யோசித்தேன். உம்மா கேட்கக் கூடாது என்றுதானே சொன்னார்? சொல்லக் கூடாது என்று சொல்லவில்லையே!

"ஸோஷா, அம்பகரத்தூர் பஸ் இருக்குல்ல? அது காரைக்காலுக்கு ஆளுங்கள ஏத்திக்கிட்டு வரும். எறக்கி விட்டுட்டு என்ன பண்ணும்?"

"திரும்பிப் போகும்."

"சும்மாவா போகும்?"

"இல்லை. இங்கேருந்து ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போகும்."

"திரும்பிப் போகாம இங்கயே நின்னுட்டா?"

"அப்புறம் அங்கேருந்து பஸ்ஸே வராது."

நான் அலமாரியைக் காட்டினேன். "சோறுதான் பரிசு. இதெல்லாம் பஸ்."

ஸோஷாவின் கண் விரிந்தது. விரல் விட்டு எண்ணினாள். "அஞ்சு பஸ்! எங்க வீட்டுல அஞ்சு பஸ் நிக்குது!" என்று கத்தினாள். பிறகு அம்மாவிடம் அவர்கள் மொழியில் படபடவென்று சொன்னாள்.

ஏவா ஆன்ட்டியின் முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "எல்லோருக்கும் என்மேல் கோபமா?" என்று கேட்டார்.

நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியுமா? "கொஞ்சம்" என்றேன்.

அவர் சட்டென்று பாத்திரங்களை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நான் முந்தி ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றேன்.

"ஆன்ட்டி, வெறுமையா போகக் கூடாது!"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏவா ஆன்ட்டி மாவு பிசைந்து, உள்ளே மசித்த உருளைக்கிழங்கு வைத்து, சோமாசி போல மடித்து, கொழுக்கட்டை போல வேகவைத்தார். நானும் ஸோஷாவும் ஓரம் அழுத்தினோம். அன்டெக் அழுத்தியவை எல்லாம் வாயைப் பிளந்துகொண்டன. நடுநடுவே ஏவா ஆன்ட்டி ஒரு தமிழ் வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அதையும், பாத்திரத்தில் இருந்த பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

முதலில் எங்கள் வீடு. தூக்குவாளியில் இருந்த உம்மாவின் பெயரைப் பார்த்து, "ஜொ... ஹ... ரா" என்று எழுத்துக்கூட்டிப் படித்தார் ஏவா ஆன்ட்டி. பிறகு, "எனக்குத் தெரியலைங்க. மன்னிச்சுக்குங்க" என்றார்.

"அட, இதுக்குப் போய் எதுக்குங்க..." என்று உம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏ புள்ள, நீ கேட்டியா?" என்று கண்ணை உருட்டினார்.

"இல்ல உம்மா. பஸ்ஸப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

அடுத்த மூன்று வீடுகளும் நல்லபடியாக முடிந்தன. கடைசியில் நீலா அத்தை வீடு. அத்தை கதவைத் திறந்து, குண்டானைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"நீ... லா... ய... தா... ட்சி" என்று படித்தார் ஏவா ஆன்ட்டி.

அத்தையின் முகம் மாறியது. "எம் பேர முழுசா யாருமே கூப்புடுறதில்ல. எங்க வீட்டுக்காரரே நீலான்னுதான் கூப்புடுறாரு" என்றார். குண்டானை வாங்கி, மூடியைத் திறந்து, அங்கேயே ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். ஸோஷா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உப்பு கம்மி" என்றார் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் நோன்பு. ருசி பார்க்கவில்லை. ஏவா ஆன்ட்டியின் நாக்குக்கு அந்த உப்பே போதும் போலிருக்கிறது!

"அடுத்த தடவ கொஞ்சம் கூடப் போடுங்க. ஒரு பச்ச மொளகாயும் நறுக்கிப் போடுங்க. நல்லாருக்கும்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஏவா ஆன்ட்டி முதலில் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"சரிங்க" என்றார் தமிழில். "அடுத்த தடவை போடுறேன்."

"உள்ள வாங்க, மொளகா எவ்ளோன்னு காட்டுறேன்" என்று அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஸோஷா என்னைப் பார்த்தாள். "நஜீபா, அம்மா என்ன சொன்னாங்க, கேட்டியா?"

"அடுத்த தடவைன்னு சொன்னாங்க."

அவ்வளவுதான். ஸோஷா நடுத்தெருவில் ஓடினாள். "அப்பா! சென்னை வேணாம்! நாங்க இங்கேதான் இருக்கப்போறோம்!" என்று தமிழில் கத்திக்கொண்டே ஓடினாள். அவள் அப்பாவுக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.