காபி மெஷினுக்கு ஒரு சிவப்புக் கோடு

“என் பேரு துனியா மெஹியா. வயசு பதினொண்ணு. கால்வாய்க்கு இந்தப் பக்கம், மூணாவது வீடு...”

“பாப்பா, மைக்கைக் கீழே வை,” என்றார் மேலாளர் வெரெட். “இங்கே உறுப்பினருங்கதான் பேசலாம். அதோ ஜம்பலாயா சோறு சூடா இருக்கு, போய்ச் சாப்பிடு.”

கூடமே சிரித்தது. துனியாவின் காதுமடல் கொதித்தது.

லூசியானாவின் கடலோரக் கிராமங்களுக்கு மின்சாரம் தரும் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அது. வீட்டுக்கு ஒரு மஞ்சள் உறுப்பினர் அட்டை, அட்டைக்கு ஒரு ஓட்டு. கடைசியில் குலுக்கல் பரிசாக ஒரு ஃபிரிட்ஜ்.

இந்த வருடம் சுவரில் பெரிய வரைபடம் ஒன்றும் தொங்கியது. புயலுக்கு அசையாத புதிய பணிமனை! பன்னிரண்டு அடித் தூண்கள், பறக்காத கூரை, வெள்ளம் எட்டாத உயரத்தில் ஜெனரேட்டர். அதிலிருந்து மின்சாரம் போகும் இடத்துக்கெல்லாம் சிவப்புக் கோடு.

துனியா ஒவ்வொரு கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்திருந்தாள். மேலாளர் அறையின் ஏசி. ஐஸ் மெஷின். காபி மெஷின். டீசல் பம்புக்கு மட்டும் கோடே இல்லை.

போன புயலிலும் இதே கதைதான். தொட்டி நிறைய டீசல் இருந்தது. கரண்ட் இல்லாததால் பம்பு ஓடவில்லை. அறுந்த கம்பிகளைச் சரிசெய்யும் லாரிகள் இரண்டு நாள் சும்மா நின்றன. தம்பி நோல்வினின் மூச்சு மெஷின் பக்கத்து வீட்டுக் காரின் பாட்டரியில் ஓடியது. காரில் பெட்ரோல் தீர்ந்ததும் அதுவும் நின்றது. அவன் இழுத்து இழுத்து மூச்சு விட, துனியா முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அவள் மைக்கை வைத்துவிட்டு அப்பாவிடம் ஓடினாள். அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுகிறவர் அவர்தான்.

“சும்மா இரும்மா, அவரு என் மேலாளர்,” என்று கிசுகிசுத்தார் அப்பா.

“அதுக்காக? அடுத்த புயல்ல லாரிக்குக் காபியா ஊத்துவீங்க?”

அப்பா தரையைப் பார்த்தார். அம்மாவோ மடியிலிருந்த மஞ்சள் அட்டையை எடுத்து உயரத் தூக்கினாள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, அட்டை அவள் பெயரில்தான் இருந்தது.

“சொல்லுங்கம்மா,” என்றார் வெரெட். “ஆனா உங்க ஸ்பானிஷை யாரு மொழிபெயர்க்கிறது?”

“நான்!” என்றாள் துனியா. ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் அவள்தானே அம்மாவுக்கு வாய்!

அம்மா அவளிடம் ஸ்பானிஷில் சொன்னாள்: “முடியை ஒதுக்கிக்கோ. பயப்படாம கேளு.”

துனியா மைக்கைப் பிடித்தாள். “எங்கம்மா கேக்கச் சொல்றாங்க. காபி மெஷினுக்குக் கோடு இருக்கு, டீசல் பம்புக்கு ஏன் இல்ல? லாரி கிளம்பலைன்னா கரண்ட் எப்படி வரும்? நீங்க ஏசியில உக்காந்திருப்பீங்க. என் தம்பி மூச்சுக்குத் திணறணுமா?”

“அவங்க ரெண்டு வார்த்தைதானே சொன்னாங்க?”

“ஸ்பானிஷ் ரொம்பச் சிக்கனமான பாஷை, சார்.”

சிரிப்பு வெடித்தது. இந்தத் தடவை துனியாவைப் பார்த்து அல்ல.

“அந்தக் காரு என்னோடது!” பக்கத்து வீட்டு எர்லீன் அத்தை எழுந்தார். “புள்ள சொல்றது அத்தனையும் நிஜம்!”

அப்பாவும் மெதுவாக எழுந்தார். “ரெண்டு நாள் லாரியிலேயே உக்காந்திருந்தேன், சார். என் பையன் எப்படி இருக்கான்னு தெரியாம.”

வெரெட் வரைபடத்தை மேலும் கீழும் பார்த்தார். இப்போது அவருடைய காதுமடல் சிவந்தது.

“விட்டுப்போச்சு,” என்றார். “எங்க தப்புதான்.” சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினார். “நீயே போடும்மா.”

துனியா நாற்காலியில் ஏறி, ஜெனரேட்டரிலிருந்து டீசல் பம்பு வரை தடிமனாக ஒரு கோடு இழுத்தாள். பிறகு அதன் ஓரத்தில் எழுதினாள்:

‘இதைப் பார்த்துக் கட்டப்போறவங்களுக்கு: இந்தக் கோட்டை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.’