ஒன்பது காலி பாட்டில்கள்

காலை 10.20. கடலூர் செம்மண்டலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. கட்டிலில் கிடந்த வைத்திலிங்கத்துக்கு மூச்சு இரைத்தது. நேற்றுப் பகல் கீரப்பாளையம் வயலில் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தவர்; அங்கே ஓர் ஆஸ்பத்திரி, சிதம்பரத்தில் ஒன்று என மாறி இங்கே வந்திருந்தார். இன்று அவர் ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது.

“என் தம்பிக்கு இவதான் மேடம் வெசம் வச்சவ!” என்று கத்தினார் அண்ணன் பொன்னுரங்கம்.

சப்-இன்ஸ்பெக்டர் ஸ்ரீமதி திரும்பிப் பார்த்தார். வைத்திலிங்கத்தின் மனைவி மலர்க்கொடி, அழுது வீங்கிய முகத்தோடு ஒரு கட்டைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“நேத்து சண்டையா?”

“ஆமாங்க. வெயில்ல போவாதன்னேன். கேக்கல.”

“என்ன குடுத்தீங்க?”

“நேத்து காலையில மோரு. அவ்ளோதாங்க.”

“பையில?”

“காலி குளுக்கோஸ் பாட்டிலுங்க. மூணு ஆஸ்பத்திரியிலயும் கெஞ்சி வாங்கினேன். தலகீழா கட்டிவுட்டா எலுமிச்ச கன்னுக்குச் சொட்டு சொட்டா தண்ணி எறங்கும்.”

“புருசன் சாவக் கெடக்கான், இவளுக்குக் கன்னு கேக்குது!” என்றார் பொன்னுரங்கம்.

“அவரு வச்ச கன்னு மாமா” என்றாள் மலர்க்கொடி.

11.05. டாக்டர் காயத்ரியின் அறை.

“சிதம்பரத்துல சேர்த்தப்ப எடுத்த ரத்தம்?” என்று கேட்டார் ஸ்ரீமதி.

“நார்மல்.”

“அதுக்கப்புறம் வாய் வழியா?”

“ஒண்ணும் போகல.”

“இப்ப ரத்தத்துல எது ஜாஸ்தி?”

“குளோரைடு. அதான் புரியல. நாங்க ஏத்தினது மூணே பாட்டில்.”

ஸ்ரீமதி பையை மேசையில் கவிழ்த்தார். உருண்டவை ஒன்பது அரை லிட்டர் பாட்டில்கள். ஊர்வாய்க்கு எல்லாமே குளுக்கோஸ். ஒன்பதிலும் ஒட்டியிருந்த சீட்டோ சலைன், அதாவது சோடியம் குளோரைடு உப்புநீர், என்றது.

“குற்றவாளி இதோ, டாக்டர். கீரப்பாளையத்துல மூணு, சிதம்பரத்துல மூணு, இங்க மூணு. அவங்கவங்க ஏத்தினதை மட்டும் எண்ணுனீங்க. மொத்தத்தை எண்ணினது இந்தப் பைதான்.”

டாக்டர் பாட்டில்களை மறுபடி எண்ணினார். “நாலரை லிட்டர்! சலைன்ல குளோரைடு, ரத்தத்துல இருக்கறதைவிட அதிகம். இவ்வளவு ஏறினா ரத்தம் அமிலமாயிடும். அதைச் சரிக்கட்டத்தான் இப்படி மூச்சு வாங்குறார்.” அவர் வார்டுக்கு ஓடினார். அங்கே நர்ஸ் பத்தாவது பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தார். அதைக் கழற்றிவிட்டு, குளோரைடு குறைந்த ரிங்கர் லாக்டேட் பாட்டிலை மாட்டினார்கள்.

திரும்பி வந்த டாக்டர் மலர்க்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தப் பை இல்லேன்னா நானே அவரைக் கொன்னிருப்பேன்மா. நன்றி.”

மறுநாள் மாலை 5.00. மூச்சு சீராகியிருந்தது. வைத்திலிங்கம் கண் திறந்து கேட்ட முதல் வார்த்தை: “மோரு இருக்கா?”

மலர்க்கொடி சிரித்துக்கொண்டே அழுதாள். ஸ்ரீமதியைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடுக்காகவே காக்கி போடலாம் என்று ஸ்ரீமதிக்குத் தோன்றியது.

பொன்னுரங்கத்தை வார்டில் காணவில்லை. கட்டைப்பையையும் காணவில்லை.

“எங்க போனார்?”

“ஊருக்குங்க” என்றாள் மலர்க்கொடி. “எங்கிட்ட மூஞ்ச காட்ட முடியலன்னு போன்ல அழுதாரு. ஒம்போது கன்னுக்கும் அவரே பாட்டில் கட்டிட்டாராம்.”